கோபமில்லாமல் சமய நம்பிக்கையைக் கேள்வி கேட்பது எப்படி: கொழும்பில் கதைப்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வெவ்வேறு நம்பிக்கை உள்ள நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி இருந்து சமயம் கதைப்பதற்கான வழிகாட்டி இது. நண்பர்கள், வேலைத்தலத்துச் சகபாடிகள், ஒரே தொடர்மாடியில் குடியிருப்பவர்கள் யாராகவும் இருக்கலாம். கோயிலுக்குப் போகிறவர், சபைக்குப் போகிறவர், ஐவேளை தொழுகிறவர், எதுவும் வேண்டாம் என்று விட்டவர் எல்லோருக்கும் ஒழுங்கு ஒன்றுதான். பட்டிமன்றத்துக்கு இது உதவாது. சனம் பார்த்துக்கொண்டிருக்கும்போது "நான் பிழையாக நினைத்திருக்கலாம்" என்று யாரும் வாய் திறந்து சொல்வதில்லை.

சண்டை வருவது பெரும்பாலும் கேள்வியின் கூர்மையால் இல்லை. எதிரில் இருப்பவர் தன் பக்கத்தைச் சொல்லி முடிக்குமுன்பே கேள்வி வந்துவிடுவதால்தான். புதிதாகத் தொடங்குகிறவர்கள் கேள்விகளை மணிக்கணக்கில் தயார் செய்துகொண்டு வருவார்கள், வரிசையைக் கவனிக்கமாட்டார்கள். கீழே உள்ள படிகளை மாற்றிப் போட்டால், கேள்வி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பலன் தராது.

1. தொடங்குமுன் என்னென்ன வேண்டும்

ஆட்கள்: நாலிலிருந்து ஆறு பேர். ஏழாவது ஆள் வந்தவுடன் மேசை இரண்டு கட்சியாகும். ஆளுக்குக் கிடைக்கும் நேரமும் போதாது. ஒரே நம்பிக்கைக்காரர் ஐந்து பேர், மற்றது ஒருவர் என்று வைக்காதீர்கள். அந்த ஒருவருக்கு அது விசாரணை மேசை. அவர் பக்கத்தில் இன்னொருவராவது இருக்கவேண்டும், இல்லையென்றால் இருவர் மட்டும் தனியே கதையுங்கள்.

யாரைச் சேர்க்கக்கூடாது: மேலதிகாரியும் அவருக்குக் கீழே வேலை செய்பவரும் ஒரே மேசையில் வேண்டாம். சம்பந்தம் பேசிக்கொண்டிருக்கும் இரண்டு குடும்பத்தாரும் வேண்டாம். செத்தவீடு கண்டவரை முப்பத்தொன்று முடிந்த கையோடு கூப்பிடாதீர்கள். "அப்பா இப்ப எங்கயோ நல்லா இருக்கிறார்" என்று நினைத்துக்கொண்டுதான் அவர் இரவில் நித்திரை கொள்கிறார். அதை ஆராயும் நேரம் அதுவல்ல.

நேரம்: ஞாயிறு பின்னேரம் 4 மணியிலிருந்து 5.30 வரை. கொழும்பில் அஸர் தொழுகை அதற்கு முன் முடிந்துவிடும், மஃரிபுக்கு முன் எல்லோரும் எழும்பிவிடலாம். காலைப் பூசையும் ஆராதனையும் முடிந்திருக்கும். ஞாயிறு ராகு காலம் 4.30க்குத்தான் தொடங்கும், ஆகவே அதைப் பார்க்கிறவருக்கும் 4 மணி பிரச்சினை இல்லை. (அவர் அதைச் சொன்னால் சிரிக்காதீர்கள். அன்றைய தலைப்பாக அதையே எடுக்கலாம்.) நோன்பு மாதப் பின்னேரங்களைத் தவிருங்கள், வயிறு காய்ந்திருக்கும்போது யாருக்கும் பொறுமை குறைவு. ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் இழுக்கவேண்டாம்.

இடம்: வீடு என்றால் வீட்டுக்காரர் உபசரிக்கவும் வேண்டும், தன் சுவாமி அறைக்கு முன்னால் இருந்து பதிலும் சொல்லவேண்டும். இரண்டும் சேர்ந்து நடக்காது. வெள்ளவத்தைச் சாப்பாட்டுக் கடைகளில் பக்கத்து மேசைக்கும் கதை கேட்கும். காலிமுகத்திடலில் காற்றும் சத்தமும் அதிகம். எல்லோரும் கத்தவேண்டி வரும், கத்தினால் கோபம் போலவே இருக்கும். தொடர்மாடியின் பொது அறை, யாராவது ஒருவருடைய அலுவலகக் கூட்ட அறை, விகாரமகாதேவிப் பூங்காவில் ஒதுக்குப்புறமான ஒரு மரநிழல்: இப்படிச் சத்தமில்லாத, எந்தச் சமயத்துக்கும் சொந்தமில்லாத இடம் பாருங்கள்.

சாப்பாடு: பிளேன்டீ, வாழைப்பழம், அவித்த கடலை. இது சின்ன விஷயம் போலத் தெரியும். மீன் ரோல்ஸ் வைத்தால் விரதக்காரர் கை நீட்டமாட்டார். எந்தக் கடை இறைச்சி என்று தெரியாவிட்டால் முஸ்லிம் நண்பர் தொடமாட்டார். மேசைக்கு வந்த முதல் நிமிடத்திலேயே ஒருவர் வேறாகிப்போவார்.

மேலும் ஒரு கட்டுச் சின்னத் தாள், பேனைகள், மணிக்கூடு. நேரம் பார்க்க ஒருவர். அன்றைய தலைப்பில் அதிகம் பிடிப்பில்லாதவரே அதற்குப் பொருத்தம்.

2. கைபேசிகளைக் கூடைக்குள் போடுங்கள்

பதிவு செய்வதில்லை, படம் எடுப்பதில்லை, வாட்ஸ்அப்பில் போடுவதில்லை. தொடங்குமுன் இதற்கு ஒவ்வொருவரும் வாயால் சம்மதம் சொல்லவேண்டும். காரணம் மரியாதை மட்டுமல்ல, சட்டமும்தான்.

அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை சிந்தனை, மனச்சாட்சி, மதச் சுதந்திரத்தைத் தருகிறது. விரும்பிய மதத்தை அல்லது நம்பிக்கையைக் கொண்டிருக்கவும் ஏற்கவும் அதில் இடமுண்டு. நாலு பேர் ஓர் அறையில் மரியாதையாகக் கேள்வி கேட்பது குற்றமில்லை. ஆனால் தண்டனைச் சட்டக்கோவையின் 291ஏ, 291பி பிரிவுகள் மத உணர்வைப் புண்படுத்தும் நோக்கத்தோடு பேசுவதைக் குற்றமாக்குகின்றன. ஐ.சி.சி.பி.ஆர். சட்டம் (குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாயச் சட்டம்) என்று பத்திரிகைகள் எழுதும் 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டத்தின் 3ஆம் பிரிவு மத வெறுப்பைத் தூண்டுவது பற்றியது. அதில் கைதானால் பிணையை நீதவான் தரமுடியாது, மேல் நீதிமன்றத்துக்குப் போகவேண்டும். 2024இல் வந்த நிகழ்நிலைக் காப்புச் சட்டம் இணையத்தில் போடுகிறவற்றுக்கும் இதே வகையான பிரிவுகளைக் கொண்டுவந்தது.

இவை தாளில் தூங்கும் பிரிவுகள் இல்லை. முகநூலில் போட்ட சிங்களச் சிறுகதை ஒன்றுக்காக 2019 ஏப்ரலில் கைதான எழுத்தாளர் சக்திக சத்குமார பிணையில் வெளிவர நான்கு மாதமானது. 2023இல் மேடை நகைச்சுவையாளர் நதாஷா எதிரிசூரிய கைதானதும் காணொளி ஒன்று பரவிய பிறகுதான். அந்தக் காணொளியை வெளியிட்டவரும் கைதானார். ஒன்றரை மணித்தியாலக் கதையிலிருந்து முப்பது விநாடியை வெட்டினால், நீங்கள் திருப்பிச் சொன்ன மற்றவருடைய கருத்துக்கூட உங்கள் கருத்தாகிவிடும். நான்காம் படியில் நீங்கள் செய்யப்போவது மற்றவர் கருத்தைத் திருப்பிச் சொல்வதுதான்.

3. ஒரே ஒரு கூற்றைத் தாளில் எழுதுங்கள்

"கடவுள் உண்டா இல்லையா" என்று தொடங்குவது புதியவர்கள் விடும் முதற்பிழை. அது ஒரு பின்னேரத்துக்குப் பெரிது. ஒவ்வொருவரும் மனதில் வேறு வேறு கடவுளை வைத்துக்கொண்டு ஒரே சொல்லால் அடிபடுவார்கள்.

எழுதுமுன் அது எந்த வகை என்று பாருங்கள். "செவ்வாய் தோஷம் உள்ளவரைத் தோஷமில்லாதவருக்குக் கட்டிவைத்தால் துணையின் உயிருக்கு ஆபத்து" என்பது உலகத்தில் என்ன நடக்கும் என்று சொல்லும் கூற்று. இதை ஆராயலாம். "செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்துறனாங்கள்" என்பது வழக்கம். ஏன், எப்போதிருந்து, செய்யாவிட்டால் என்ன என்று கேட்கலாம், ஆனால் உண்மையா பொய்யா என்று கேட்பதில் அர்த்தமில்லை. "நான் இஸ்லாமியப் பிள்ளை" என்பது ஆள் யார் என்பது. "முருகன் இருக்கிறான், பாத்துக்கொள்ளுவான்" என்பது பல வேளைகளில் ஆறுதல். தாளில் எழுதவேண்டியது முதல் வகை மட்டும். மற்ற மூன்றும் கதையில் வந்துபோகும், அவற்றைக் குறிவைக்காதீர்கள்.

கூற்றை எழுதவேண்டியவர் அதை நம்புகிறவர். நம்பாதவர் எழுதினால் தாளிலேயே கிண்டல் ஏறியிருக்கும். ஒரு வசனம், கூடினால் பதினைந்து சொல். எழுதிய தாளை மேசை நடுவில் வையுங்கள். கதை திசைமாறும்போது நேரம் பார்ப்பவர் அதை வாசித்தால் போதும், யாரையும் கண்டிக்கத் தேவையில்லை.

ஒன்றை மட்டும் இந்த மேசைக்குக் கொண்டுவராதீர்கள். நம்பிக்கையால் ஒருவர் நீரிழிவு மாத்திரையை நிறுத்தியிருக்கிறார், பிள்ளைக்கு வலிப்பு வந்தும் நூல் கட்டிக்கொண்டு வைத்தியசாலைக்குப் போகாமல் இருக்கிறார்கள் என்றால் அது கருத்துப் பரிமாற்றத்துக்குரிய விஷயம் இல்லை. நேராகச் சொல்லி வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். அங்கே பொறுமையாகக் கேள்வி கேட்டுக்கொண்டிருப்பது தவறு.

4. திருப்பிச் சொல்லுங்கள், "ஓம், அதுதான்" வரும்வரை கேள்வி இல்லை

முழு வழிகாட்டியிலும் இதுதான் பிரதானமான படி. அதிகம் பேர் தாண்டிப்போவதும் இதைத்தான்.

முதலில் கேட்க அனுமதி. "சித்தப்பா, செவ்வாய் தோஷத்தைப் பற்றி ஒண்டு கேக்கலாமோ? இப்ப வேண்டாமெண்டா விடுறன்." "நானா, ஒரு கேள்வி கேக்கவா? பிழையா இருந்தா சொல்லுங்க." வேண்டாம் என்றால் அன்றைக்கு வேண்டாம்தான். வயதில் மூத்தவரிடம் அனுமதி கேட்காமல் போட்ட கேள்வி எவ்வளவு நியாயமானாலும் வாய்காட்டுவதாகவே படும். அவர் கேள்வியை விட்டுவிட்டு உங்கள் நடத்தையைப் பற்றித் தொடங்குவார்.

பிறகு பத்து நிமிடம் அவர் கதைக்கட்டும். குறுக்கே போகக்கூடாது. தலையை ஆட்டலாம், "ம்" போடலாம். முடிந்ததும் நீங்கள் கேட்டதை உங்கள் சொல்லில் அவருக்குத் திருப்பிச் சொல்லுங்கள். அவர் "ஓம், அதைத்தான் சொல்றன்" என்றால் அடுத்த படி. "இல்லை, அப்படியில்லை" என்றால் திருத்தச் சொல்லி மறுபடியும் நீங்கள் சொல்லவேண்டும். மூன்று முறை ஆனாலும் பரவாயில்லை.

எது சரி, எது பிழை என்பதற்கு ஓர் உதாரணம். சபைக்குப் போகும் அக்கா ஒருவர், "ஜெபத்தால சுகம் கிடைச்சது" என்கிறார். "அப்ப மருந்து தேவையில்லை எண்டுறீங்கள்" என்று திருப்பிச் சொன்னால் அது அவர் சொல்லாதது. உங்களுக்கு அடிக்க வசதியானது. "மருந்தும் எடுத்தீங்கள், ஆனா குணமாக்கினது கர்த்தர், மருந்து அவருடைய கருவி எண்டு சொல்றீங்கள், சரியோ?" என்று சொன்னால் அவர் முகமே மாறும். இப்போதுதான் நீங்கள் எதைக் கேள்வி கேட்கப்போகிறீர்கள் என்று உங்களுக்கே தெரிகிறது. முதல் வடிவத்துக்குத் தயாரித்து வந்த கேள்விகளில் பாதி இதற்குப் பொருந்தாது. தூக்கிப் போடுங்கள்.

இதை மேல்நாட்டுப் பயிற்சி வகுப்பிலிருந்து எடுத்துவரத் தேவையில்லை. சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில், கண்ணால் கண்டதை மட்டும் ஏற்கும் உலகாயதர் தொடங்கி ஒவ்வொரு புறச்சமயமும் முதலில் தன் கொள்கையைச் சொல்லும். மறுதலை அதன்பிறகுதான் வரும். சைவர் மேசையில் இதைச் சுட்டினால் விதிக்கு எதிர்ப்பே வராது.

இந்தப் படியில் காணும் தில்லுமுல்லு ஒன்று: சொற்களைச் சரியாகத் திருப்பிச் சொல்லிவிட்டுக் குரலில் நக்கலை வைப்பது. "சாத்திரியார் சொன்னாராம்" என்பதில் அந்த "ஆம்" போதும், எல்லாம் கெட்டுவிடும். நேரம் பார்ப்பவர் அதைக் கேட்டால் நிறுத்தி, இன்னொரு தரம் சொல்லச் சொல்லவேண்டும்.

5. எப்படித் தெரியும் என்று கேளுங்கள்: காட்சி, கருதல், உரை

"ஏன் நம்புறீங்கள்?" என்பது நல்ல கேள்வி போலத் தெரியும். ஆனால் அது ஆளை நோக்கியது. பதிலாக வாழ்க்கைக் கதைதான் வரும். "இது உங்களுக்கு எந்த வழியால தெரிய வந்தது?" என்பது கூற்றை நோக்கியது. இதற்குத் தமிழில் பழைய கருவி ஒன்று கைக்குள்ளேயே இருக்கிறது. சைவ சித்தாந்தம் அறியும் வழிகளைக் காட்சி, கருதல், உரை என்று மூன்றாக அடக்குகிறது: நேரே கண்டது, கண்டதிலிருந்து ஊகித்தது, நம்பத்தகுந்தவர் அல்லது நூல் சொன்னது. மணிமேகலையில் வரும் பௌத்தம் முதல் இரண்டை மட்டும் ஒப்புக்கொள்கிறது. உலகாயதர் காட்சியோடு நின்றார்கள்.

ஆக, ஒரே மேசையில் இருப்பவர்களுக்கு எது சான்று என்பதிலேயே உடன்பாடு இராது. அதைக் கண்டுபிடிக்காமல் ஒரு மணித்தியாலம் அடிபடுவார்கள். தாளின் கீழே இந்த மூன்று சொல்லையும் எழுதி, கூற்றை நம்புகிறவரையே எது என்று புள்ளடி போடச் சொல்லுங்கள். பெரும்பாலும் இரண்டில் போடுவார். அடுத்து என்ன கேட்பது என்பது அந்தப் புள்ளடியைப் பொறுத்தது.

காட்சி என்றால்: எங்கே, எப்போது, வேறு யார் கண்டார்கள், வேறு காரணத்தாலும் அது நடந்திருக்கலாமா, எதிர்மாறானது நடந்தபோது யார் கணக்கு வைத்தது. கடைசிக் கேள்வியை மெதுவாகக் கேளுங்கள், பாரம் அதில்தான் இருக்கிறது. நேர்த்தி நிறைவேறியவர் மெழுகுதிரியோடு, காவடியோடு திரும்பி வருவார். நிறைவேறாதவர் வீட்டில் இருப்பார். கோயிலில் நின்று பார்த்தால் நிறைவேறியவரைத்தான் காணலாம். இது அந்தோனியாருக்கும் பொருந்தும், செட்டியார் தெருக் கதிரேசனுக்கும் பொருந்தும், "இந்த மருந்து எங்கட வீட்டில எல்லாருக்கும் கேட்டது" என்று சொல்லும் நாத்திகருக்கும் பொருந்தும். மூன்றையும் சேர்த்தே சொல்லுங்கள். ஒன்றை மட்டும் சொன்னால் அது தாக்குதல்.

கருதல் என்றால்: எண்ணிப் பார்க்க ஏதாவது உண்டா என்று தேடுங்கள். செவ்வாய் தோஷம் இதற்கு நல்ல பாடம். இலக்கினத்திலிருந்து 2, 4, 7, 8, 12ஆம் இடங்களில் செவ்வாய் நின்றால் தோஷம் என்பது பரவலான கணக்கு. பன்னிரண்டு இடத்தில் ஐந்து. விலக்குகளை (தோஷமில்லை என்று விடும் விதிகளை) கழிக்காமல் பார்த்தால் ஏறக்குறைய பத்தில் நாலு பேருக்குத் தோஷம். சிலர் சந்திரனிலிருந்தும் சுக்கிரனிலிருந்தும் பார்ப்பார்கள். மூன்றில் ஏதாவது ஒன்றில் வந்தால் போதும் என்றால் எண்ணிக்கை பத்தில் எட்டை எட்டும். பிறகு விலக்குகள் அதைக் குறைக்கும். இந்தக் கணக்கைத் தாளில் நம்புகிறவரோடு சேர்ந்து போடுங்கள், அவருக்கு எதிரே போடாதீர்கள். கட்டங்களை அவர்தான் உங்களை விட நன்றாக அறிவார்.

அடுத்த கேள்வி கொழும்புக்கே உரியது. அதே ஒழுங்கையில் ஜாதகம் பார்க்காமல் கட்டும் கத்தோலிக்கக் குடும்பங்களும் முஸ்லிம் குடும்பங்களும் இருக்கின்றன. அவர்களிலும் பத்தில் நாலு பேருக்குச் செவ்வாய் அந்த இடங்களில்தான் நிற்கும். அந்தக் குடும்பங்களில் விதவைகளும் தாரமிழந்தவர்களும் கூடுதலாக இருக்கிறார்களா? கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். பதிலை நீங்களே சொன்னால் கேள்வி வீண். "அவையளுக்கு வேற கணக்கு" என்று வந்தால், அதையும் நான்காம் படியில் சொன்னதுபோலத் திருப்பிச் சொல்லி, எப்படி வேறு என்று விளங்கிக்கொள்ளுங்கள்.

உரை என்றால்: இங்கேதான் கவனம் கூட வேண்டும். குர்ஆன், விவிலியம், திருமுறை, ஆகமம் எதுவானாலும் அந்த நூலை உண்மை என்று கொள்கிறவரிடம் "அந்த நூல் பொய்யாக இருந்தால்?" என்று கேட்டால் அன்றைய கதை முடிந்தது. கேட்கக்கூடியவை: இந்த விஷயத்தில் நூல் சொல்வது எது, உரைகாரர் சொல்வது எது, ஊர் வழக்கம் எது? உரைகாரர் இருவர் மாறுபட்டால் எப்படித் தெரிவு செய்வீர்கள்? இந்தக் கேள்விகளை மௌலவியும் பாதரும் குருக்களும் தங்களுக்குள் கேட்பவைதான். ஆகவே அவமதிப்பாகாது. பல நேரம் "இது நூலில இல்லை, அம்மம்மா சொன்னது" என்று வரும். அப்படி வந்தால் வென்றதுபோல் முகத்தைக் காட்டாதீர்கள்.

நூலை அவரை விட நன்றாக அறிந்ததாகக் காட்டிக்கொள்வது இணையத்தில் வாசித்துவிட்டு வருபவர்களின் நோய். கையில் பத்து வசனம் வைத்திருப்பார்கள், முன்னும் பின்னும் வாசித்திருக்கமாட்டார்கள். வசனத்தை எடுக்கவேண்டுமென்றால் நம்புகிறவரிடமே கொடுத்து, வாசித்துப் பொருள் சொல்லக் கேளுங்கள்.

இந்த மூன்றிலும் அடங்காத பதில் ஒன்று வரும்: "எனக்குள்ள உணர்ந்தன்." அதை மறுக்க உங்களிடம் எதுவும் இல்லை. உணர்ந்தது உண்மை என்று ஒப்புக்கொண்டு, அந்த உணர்விலிருந்து கூற்றுக்கு எப்படி வந்தார் என்று மட்டும் கேளுங்கள். வேறு சமயத்தவர் இதே உணர்வைச் சொன்னால் அதை எப்படிப் பார்ப்பீர்கள் என்பதையும் கேட்கலாம். இரண்டுக்கு மேல் வேண்டாம்.

6. அதே கேள்வியை உங்களுக்குப் போடுங்கள்

பாதி நேரம் ஆனதும் கதிரையை மாற்றுங்கள், உண்மையாகவே இடம் மாறி இருங்கள். இப்போது கேள்வி கேட்டவருடைய கூற்று தாளில் வரும், அதே மூன்று வழி, அதே ஒழுங்கு. நாத்திகர் என்றால் "நான் எதையும் சொல்லேல்லை, இல்லையெண்டுதானே சொல்றன்" என்று நழுவப் பார்ப்பார். விடாதீர்கள். "சமயம் இல்லாட்டியும் பிள்ளையள் ஒழுக்கமா வளருவினம்" என்பது உலகம் பற்றிய கூற்றுத்தான். அதற்கு அவரிடம் காட்சியா கருதலா உரையா இருக்கிறது என்று பாருங்கள்.

இரண்டு பக்கமும் ஒரு கேள்விக்குப் பதில் எழுதவேண்டும்: எது தெரியவந்தால் இந்தக் கூற்றைப் பிழை என்பேன்? "எதுவுமே இல்லை" என்று ஒருவர் எழுதினால் அது பதில்தான். அவரோடு அந்தக் கூற்றை மேலும் ஆராய்வதில் நேரம் போக்கவேண்டாம். அது அவருக்கு உறவாகவோ ஆறுதலாகவோ இருக்கிறது. இதை அவருக்கு எதிரான குற்றச்சாட்டாகப் பாவிக்காதீர்கள்.

7. இந்த ஊரில் குறிப்பாகப் பிழைக்கும் இடங்கள்

முஸ்லிம் நண்பரிடம் 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளை வைத்துக் கேள்வி தொடங்கக்கூடாது. அந்தக் குண்டுகளுக்கு அவர் பதில் சொல்லவேண்டியவர் இல்லை. அந்த ஆண்டுக்குப் பிறகு சோதனைச் சாவடியிலும் வேலை இடத்திலும் போதுமான கேள்விகளை அவர்கள் பார்த்துவிட்டார்கள். இஸ்லாம் பற்றிய மிகச் சாதாரணக் கேள்வியும் அந்தத் தொனியில் காதில் விழலாம் என்பதை நினைவில் வைத்து, உங்கள் சமயத்துக் கூற்றை முதலில் மேசையில் வையுங்கள். அதேபோல, அன்றைக்குக் கொச்சிக்கடைக் கோவில் குண்டில் உறவை இழந்தவர் மேசையில் இருந்தால் "கடவுள் ஏன் விட்டார்" என்ற கேள்வியை அவர் கேட்டால் கேட்கட்டும், நீங்கள் எடுக்கவேண்டாம்.

சபைக்கு மாறியவரிடம் "எவ்வளவு தந்தவை?" என்பது கேள்வியே இல்லை. அது வசவு. மாறியதால் என்ன கூற்றை இப்போது ஏற்கிறார், முன்பு என்ன ஏற்றார் என்று கேட்டால் நல்ல கதை கிடைக்கும். அவரும் பழைய வீட்டுச் சுவாமிகளைப் பிசாசு என்று சொல்லாமல் இருக்கவேண்டும். தொடக்கத்திலேயே அந்தச் சொல்லை விலக்கி வையுங்கள்.

பௌத்தம் தலைப்பானால் தமிழர் மேசை ஐந்து நிமிடத்தில் அரசியலுக்குப் போய்விடும். அரசியலமைப்பின் 9ஆம் உறுப்புரை பௌத்தத்துக்குத் தரும் முதன்மை இடம், காணி, தொல்லியல் எல்லாம் கதைக்கவேண்டியவைதான். ஆனால் அவை அரசு பற்றிய கேள்விகள். மறுபிறப்பும் கன்மமும் நம்பிக்கை பற்றியவை, அவற்றில் பாதி சைவருக்கும் சொந்தம். இரண்டுக்கும் இரண்டு தாள், இரண்டு நாள். சிங்கள நண்பர் மேசையில் இல்லாதபோது பௌத்தத்தை எடுப்பதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. இல்லாதவர் பக்கத்தை "ஓம், அதுதான்" என்று சொல்ல யார் இருக்கிறார்?

8. சூடேறினால்

அடையாளம் சத்தம் இல்லை. நம்மவர்கள் சந்தோஷத்திலும் சத்தமாகத்தான் கதைப்பார்கள். "நீங்கள்" என்பது "உங்கட ஆக்கள்" என்று மாறும் இடத்தைப் பாருங்கள். அந்தச் சொல் விழுந்தவுடன் நேரம் பார்ப்பவர் மேசையில் தட்டவேண்டும். பழைய சம்பவங்கள் ஒவ்வொன்றாக வருவது இரண்டாவது அடையாளம். திடீரென்று ஒருவர் மரியாதை கூட்டி, "சரி ஐயா, நீங்க சொன்னா சரிதான்" என்பது மூன்றாவது. இது சமாதானம் போல இருக்கும், உண்மையில் அவர் கதவைச் சாத்திவிட்டார்.

"கோவிக்காதீங்கோ" என்று சொல்லாதீர்கள். இதுவரை கோபிக்காதவரும் கோபிப்பார். தேத்தண்ணி ஊற்றுங்கள், ஐந்து நிமிடம் வேறு கதை, பிறகு தாளை வாசித்து, கடைசியாக "ஓம்" கிடைத்த இடத்திலிருந்து தொடங்குங்கள். இரண்டாம் முறையும் சூடேறினால் அன்றைக்கு நிறுத்துங்கள், நேரம் மிச்சமிருந்தாலும்.

புண்படும்படி ஒன்று சொல்லிவிட்டால், "நீங்கள் புண்பட்டிருந்தால்" என்று நிபந்தனை போட்ட மன்னிப்பு வேண்டாம். எந்தச் சொல் என்று குறிப்பிட்டு, அதை எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லி, கேள்வி இன்னும் தேவையென்றால் வேறு சொல்லில் கேட்க அனுமதி வாங்குங்கள்.

9. வீட்டுக்குள்ளே என்றால்

தாய் தகப்பனோடு, மாமியாரோடு இந்த மேசை முறை சரிவராது. அங்கே கூடைக்குள் கைபேசி போடச் சொன்னால் பைத்தியமா என்று கேட்பார்கள். மூன்றே மாற்றங்கள்: ஒரு நேரத்தில் ஒருவரோடு மட்டும், வேலை செய்துகொண்டிருக்கும்போது (மரக்கறி வெட்டும்போது, கடைக்கு நடக்கும்போது), ஒரு தரத்துக்கு ஒரே ஒரு கேள்வி. முகத்துக்கு முகம் பார்த்து இருக்கும்போது வராத பதில் பக்கத்தில் நடக்கும்போது வரும்.

நம்பாதவருக்கு நடைமுறைப் பிரச்சினை வேறு. அம்மா திருநீறு பூச வருகிறார், என்ன செய்வது? பங்குபற்றுவதையும் ஏற்பதையும் பிரித்துவையுங்கள். நெற்றியைக் காட்டுவது அம்மாவுக்காக. கேட்டால் உங்கள் கருத்தைச் சொல்லலாம், கேட்காவிட்டால் சொல்லத் தேவையில்லை. எதில் பங்குபற்ற முடியாது என்று உங்களுக்கு ஒரு கோடு இருந்தால், உதாரணமாக மிருக பலி அல்லது பிள்ளையின் கலியாணத்தில் தோஷம் பார்த்தல், அதை விசேஷ நாளுக்கு வாரக்கணக்கில் முன்பே ஒருவரிடம் மட்டும் சொல்லுங்கள். தட்டத்தோடு எல்லோரும் நிற்கும்போது சொன்னால் உங்கள் காரணம் ஒருவர் காதிலும் ஏறாது. பிள்ளைகளைத் தூது விடாதீர்கள். "அம்மம்மாட்ட கேள், சாமி எங்க இருக்கிறாரெண்டு" என்று ஏவுவது கோழைத்தனம்.

10. முடிக்கும் முறை

5.20க்கு நிறுத்துங்கள். கடைசிப் பத்து நிமிடம் ஒவ்வொருவரும் எதிர்ப்பக்கம் சொன்னதில் தனக்குப் பதில் இல்லாத ஒன்றைச் சொல்லவேண்டும். "யோசிக்கிறன்" என்பது போதும். யார் வென்றது என்று கேட்கவேண்டாம், மனம் மாறியதா என்றும் கேட்கவேண்டாம். அப்படி மாறினாலும் வாரங்கள் கழித்துத்தான் மாறும், அதைச் சொல்லவேண்டும் என்ற கடமை யாருக்கும் இல்லை.

தாள்களைக் கிழித்துவிடுங்கள். அன்றிரவு வாட்ஸ்அப்பில் "நான் சொல்ல மறந்தது" என்று ஒரு நீண்ட குரல் பதிவு அனுப்ப ஆசை வரும். அனுப்பாதீர்கள். அதில் நான்காம் படி இல்லை, எதிரில் முகமும் இல்லை. மறந்ததைக் குறித்துவைத்து அடுத்த முறை கொண்டுவாருங்கள்.

யாராவது முகம் வாடிப் போனார் என்றால் மறுநாளே தொலைபேசி எடுங்கள். தலைப்பை எடுக்கவேண்டாம். வேலை, பிள்ளைகள், அடுத்த வாரத் திட்டம் என்று வழக்கமானதைக் கதையுங்கள். அவரே தலைப்பை எடுத்தால் கேட்டுக்கொள்ளுங்கள், பதில் சொல்லாதீர்கள். அடுத்த சந்திப்பு மூன்று நாலு வாரம் கழித்து இருக்கட்டும். அப்போது கூற்று எழுதும் முறை அவருடையது.